குழாய்த் தண்ணியை நம்பலாமா, மேடம்?

(குடிநீர் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, அரசு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேதியியலாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர் பதில் சொல்கிறார்.)

எங்கள் வீட்டில் நான்கு பேர். கேன் தண்ணீர்தான் பாதுகாப்பு என்று என் கணவர் ஒருநாள் விட்டு ஒருநாள் 40 ரூபாய்க்குக் கேன் வாங்கிப் போடுகிறார். "மெட்ரோ வாட்டரைக் காய்ச்சிக் குடித்துத்தான் உன் புருஷனை வளர்த்தேன்" என்கிறார் மாமியார். நான் யார் பக்கம் பேசுவது?
— வாசகி, பெரம்பூர்

மாமியார் பக்கம். ஆனால் சில நிபந்தனைகளோடு.

முதலில் காசுக் கணக்கைப் பார்த்துவிடுவோம். குடிக்க, சமைக்க என்று உங்கள் வீட்டுக்கு ஒருநாளைக்குப் பத்து லிட்டர் போகிறது. கேன் என்றால் 20 ரூபாய். அதையே கடையில் ஒரு லிட்டர் பாட்டில் 20 ரூபாய் என்று வைத்து வாங்கினால் 200 ரூபாய். காய்ச்சினால்? பத்து லிட்டரைக் கொதிக்க வைக்கச் சுமார் 110 கிராம் கேஸ் பிடிக்கும். 14.2 கிலோ சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏழு ரூபாய்தான். மாதத்துக்குக் கேன் 600 ரூபாய், அடுப்பு 210 ரூபாய். மாமியார் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார். இருந்தாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

இனி தண்ணீருக்கு வருவோம். சென்னைக்குத் தண்ணீர் புழலிலிருந்தும் செம்பரம்பாக்கத்திலிருந்தும் வருகிறது. 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிற வீராணத்திலிருந்து 2004 முதல் வருகிறது. ஆந்திராவின் கண்டலேறிலிருந்து கிருஷ்ணா தண்ணீர், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் உப்பு நீக்கிய கடல் தண்ணீர் என்று இன்னும் கிளைகள் உண்டு. ஏரித் தண்ணீரைப் படிகாரம் போட்டுத் தெளிய வைத்து, மணலில் வடித்து, குளோரின் சேர்த்து அனுப்புகிறார்கள். அந்தக் குளோரினில் கொஞ்சம் கடைசி வீடு வரைக்கும் மிச்சம் இருக்க வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கவேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். சில நாள் காலையில் பிளீச்சிங் பவுடர் வாடை தூக்கலாக வருகிறதே, அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகக் குடிப்பேன்.

அதைப் பார்க்க எங்களிடம் குளோரோஸ்கோப் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். விரல் நீளக் கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பிடித்து, மருந்து சில சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும். மஞ்சள் அழுத்தமாக இருந்தால் குளோரின் நிறைய இருக்கிறது, வெளிறினால் குறைவு, நிறமே வராவிட்டால் சுத்தமாக இல்லை.

ஒருமுறை வடசென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து புகார். "குடிநீர் வாரியம் சாக்கடைத் தண்ணியை விடுது, குழந்தைகளுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு" என்று செயலாளர் கொதித்துக்கொண்டிருந்தார். தெருக் குழாயில் பிடித்துச் சொட்டு விட்டேன்: நல்ல மஞ்சள். சம்ப்பில், அதாவது தரையடித் தொட்டியில்: வெளிறிய மஞ்சள். நான்காவது மாடிச் சமையலறைக் குழாயில்: வெள்ளை வெளேர். சரி, மொட்டைமாடிக்குப் போவோம் என்றேன். டேங்கின் மூடி உடைந்து எத்தனை காலமோ தெரியவில்லை, ஒரு பழைய பிளெக்ஸ் பேனரை விரித்துச் செங்கல் வைத்திருந்தார்கள். பேனரைத் தூக்கினால் உள்ளே புறா இறகு மிதக்கிறது, அடியில் நாலு விரற்கடை சேறு, ஓரத்தில் ஊறிப்போன பல்லி ஒன்று. செயலாளர் பேனரை அப்படியே பழையபடி மூடினார்! நான் மறுபடி திறக்கச் சொன்னேன்.

வாரியக் குழாய் வெடித்துச் சாக்கடை கலப்பது உண்டு. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் அனுபவத்தில் தெருவில் நன்றாக இருந்த தண்ணீர் வீட்டுக்குள் வந்தபிறகு கெட்டதுதான் அதிகம். சம்ப், டேங்க், பானை, பானைக்குள் கையோடு போகிற சொம்பு. குளோரின் அழுக்கைக் கண்டால் அதோடு சண்டை போட்டுத் தீர்ந்துபோகும். அப்புறம் வருகிற கிருமியைத் தடுக்க ஆள் இல்லை.

அதனால் உங்கள் கணவரிடம் இப்படிச் சொல்லுங்கள். கேன் காசில் ஒரு மாதக் காசை எடுத்து, பக்கத்து வீடுகளோடு பங்கு போட்டு, சம்ப்பையும் டேங்கையும் தேய்த்துக் கழுவுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். புதிய மூடி போடுங்கள். மெட்ரோ வாட்டரும் போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீரும் ஒரே சம்ப்பில் விழுகிறதா பாருங்கள்; விழுந்தால் தனித்தனியாகப் பிரியுங்கள். பெரம்பூரில் பழைய வீடு என்றால் வாசலில் மெட்ரோ வாட்டர் அடிபம்ப் இன்னும் இருக்கும். குடிக்க, சமைக்க அதில் பிடிப்பதே உத்தமம், சம்ப் பக்கமே போக வேண்டாம். பிடித்த தண்ணீரைத் தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள். அரை மணி நேரம் கொதித்தால்தான் கிருமி சாகும் என்பது கேஸ் கம்பெனிக்கு நல்ல செய்தி.

நிபந்தனை இதுதான்: தண்ணீர் கலங்கி வந்தாலோ, சாக்கடை நாற்றம் அடித்தாலோ காய்ச்சிக் குடிக்கலாம் என்று இருக்காதீர்கள். வாரியத்தில் புகார் கொடுத்துவிட்டு, சரியாகும் வரை கேன் வாங்குங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் சம்ப்புக்குள் தெருத் தண்ணீர் புகுந்த வீடுகளில் கேன் வாங்கியதுதான் புத்தி. அன்றைக்கு உங்கள் கணவர் பக்கம் பேசியிருப்பேன்.

கேன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஏதோ மலை ஊற்று மாதிரி லேபிளில் படம் போட்டிருக்கிறார்களே?
— வாசகர், தாம்பரம்

லேபிளில் மலை, அருவி, மான். லாரி வருவதோ பெரும்பாலும் திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டக் கிராமங்களின் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து. அதை ஆர்.ஓ. வடிகட்டியில் விட்டு உப்பைக் குறைத்து, புற ஊதா விளக்கிலும் ஓசோனிலும் கிருமியைக் கொன்று அடைக்கிறார்கள். ஒழுங்காகச் செய்தால் நல்ல தண்ணீர்தான், பழிக்க ஒன்றுமில்லை. உரிமம் இல்லாமல் நிலத்தடி நீரை உறிஞ்சிய ஆலைகளை மூடச் சொல்லி 2020-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும், உற்பத்தியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதும் நினைவிருக்கும். அந்தச் சில நாட்களில்தான் நகரத்தில் பாதிப் பேருக்கு நம் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியே வந்தது.

வாங்கும்போது என்ன பார்ப்பது? 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், அடைத்த தேதி, தொகுதி எண். ஐ.எஸ். 14543 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் நல்லது. அந்த முத்திரை 2001 முதல் கட்டாயமாக இருந்தது. 2024 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டு, அடுத்த மாதமே பாட்டில் தண்ணீரை 'அதிக ஆபத்து' உணவு வகையில் சேர்த்து, கூடுதல் சோதனை வைத்தது. ஒரு கையால் எடுத்து மறு கையால் கொடுத்த கதை.

முத்திரையைவிடக் கேனைப் பாருங்கள். உட்புறம் கீறல் விழுந்து பால்போல மங்கியிருக்கிறதா? வெயில் படும் பக்கம் பச்சை பூத்திருக்கிறதா? வேண்டாம் என்று திருப்பிக் கொடுங்கள். வாயில் சுற்றியிருக்கிற பிளாஸ்டிக் உறையை வைத்து மட்டும் நம்பாதீர்கள். கேன் எங்கே நிரம்பியது என்பதை அந்த உறை சொல்லாது.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. ஓசோன் சிறிது நேரத்தில் சிதைந்து போய்விடும். ஆகவே கேன் தண்ணீரில் குழாய்த் தண்ணீரில் இருக்கிற குளோரின் காவல் கிடையாது. மூடியைத் திறந்த நிமிடம் முதல் அது காவல் இல்லாத தண்ணீர். கைபடாத பம்ப் போட்டு, நிழலில் வைத்து, இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். தனியாக இருக்கும் பேச்சிலர் தம்பிகள் ஒரு கேனைப் பத்துநாள் வைத்துக் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். பம்ப்பைக் கழற்றி உள்குழாயை ஒருமுறை மோந்து பாருங்கள் தம்பி, அப்புறம் பேசுவோம்.

சிறுவாணி உலகிலேயே இரண்டாவது சுவையான தண்ணீராமே? அப்படியென்றால் கோவைக்காரர்கள் பாட்டில் வாங்குவது எதற்கு?
— வாசகர், ஆர்.எஸ்.புரம்

அந்தப் போட்டியை யார் நடத்தினார்கள், முதலிடம் யாருக்கு என்று நானும் வெகுகாலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் இல்லை. சுவை உண்மை. காட்டில் பெய்து வருகிற மழைத் தண்ணீர், கரைந்த உப்பு குறைவு, அதனால் நாக்குக்கு இதம். உங்களுக்கு வருவது சிறுவாணிதானா, பில்லூரா, அல்லது போர் தண்ணீரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நான் கோவில்பட்டிக்காரி. குடம் தூக்கி வளர்ந்த எனக்குச் சிறுவாணி வீட்டுக்கே வந்தும் பாட்டில் வாங்குகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரியும்.

ஆர்.ஓ. மெஷின் விற்க வந்தவர் எங்கள் குழாய்த் தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டு ஸ்விட்ச் போட்டார். தண்ணீர் அப்படியே பழுப்பாகி, மேலே கசடு மிதந்தது. அவர் கொண்டுவந்த தண்ணீர் மாறவே இல்லை. டி.டி.எஸ். மீட்டரில் 340 காட்டியது. இதையா இத்தனை நாள் குடித்தோம் என்று குமட்டுகிறது.
— வாசகி, மதுரை

குமட்ட வேண்டாம். அந்தக் கசடு உங்கள் தண்ணீரில் இல்லை, அவருடைய கம்பியில் இருந்தது. இரும்புக் கம்பி வழியாக மின்சாரம் பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாகும். தண்ணீரில் உப்பு இருந்தால்தான் மின்சாரம் பாயும். அவர் தண்ணீரில் உப்பை உருவிவிட்டதால் கம்பி கரையவில்லை, அவ்வளவுதான். அடுத்த முறை வந்தால் கடையில் விலை உயர்ந்த மினரல் வாட்டர் ஒன்றை வாங்கி வைத்து, அதில் கம்பியை விடச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். வேடிக்கையாக இருக்கும்.

டி.டி.எஸ். என்பது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் மொத்தக் கணக்கு. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை தாராளமாகக் குடிக்கலாம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதி உண்டு. உங்கள் 340 நல்ல தண்ணீர். அந்த மீட்டர் காலரா கிருமியைக் காட்டாது, சாக்கடை கலந்ததைக் காட்டாது. 30 காட்டுகிற தண்ணீரில் கிருமி கோடிக்கணக்கில் இருக்கலாம். டி.டி.எஸ். 500-க்குக் கீழே இருக்கிற இடத்தில் ஆர்.ஓ.வே கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் சொன்னது. வீட்டு மெஷின்கள் ஒரு லிட்டர் கொடுக்க ஏறத்தாழ மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகின்றன. கடை பாட்டில்காரர்களிடமே இப்போது உப்பை உருவினால் மட்டும் போதாது, லிட்டருக்கு 20 மில்லிகிராமாவது கால்சியமும் 10 மில்லிகிராமாவது மக்னீசியமும் இருக்கவேண்டும் என்கிறார்கள். எடுத்ததைத் திரும்பப் போடச் சொல்லுகிற காலம். நீங்கள் யு.வி. (புற ஊதா) விளக்கு மட்டும் உள்ள சின்ன மெஷின் வாங்கலாம், அல்லது காய்ச்சலாம்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை. காய்ச்சித்தான் குடிக்கிறோம். பாட்டில் தண்ணீருக்கு மாறலாமா?
— வாசகர், தருமபுரி மாவட்டம்

உங்களுக்கு நான் பெரம்பூருக்குச் சொன்னதைச் சொல்ல மாட்டேன். அது புளோரைடு. பாறையிலிருந்து நிலத்தடி நீரில் இறங்குகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும், 1.5-ஐத் தாண்டவே கூடாது. காய்ச்சினால் தண்ணீர் ஆவியாகும், புளோரைடு அப்படியே தங்கும். அதாவது காய்ச்சக் காய்ச்ச அதன் அளவு கூடும். பல்லோடு நின்றால் பரவாயில்லை, பல வருடம் போனால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும்.

தருமபுரி, கிருஷ்ணகிரிக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-இல் தொடங்கியது. உங்கள் தெருக் குழாயில் வருவது காவிரித் தண்ணீரா, ஊராட்சி போர் தண்ணீரா, இரண்டும் கலந்ததா என்று முதலில் விசாரியுங்கள். பல ஊர்களில் காவிரித் தண்ணீர் வராத நாட்களில் அதே குழாயில் போரைத் திறந்துவிடுகிறார்கள். காவிரி வரும் நாளில் குடிக்கவும் உலை வைக்கவும் பிடித்துவையுங்கள். அது வராவிட்டால் எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்காவது ஆர்.ஓ. தண்ணீரோ கேன் தண்ணீரோ வாங்குங்கள். நிரந்தரப் பல் ஈறுக்குள் உருவாகிற வயது அது. உங்கள் ஊரில் கேன் காசு வீண் காசு ஆகாது.

வெயிலில் காருக்குள் கிடந்த பாட்டில் தண்ணீரைக் குடித்தால் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?
— வாசகர், திருச்சி

வாட்ஸ்அப் பயமுறுத்துகிற அளவுக்கு இல்லை. பெட் என்கிற பிளாஸ்டிக் பாட்டில் செய்யும்போது சேர்க்கிற ஆன்டிமனி என்ற தனிமம், சூடு ஏற ஏறக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீரில் இறங்கும். ஒருநாள் குடித்ததற்காக டாக்டரிடம் ஓட வேண்டாம், அதையே வழக்கமாக்கவும் வேண்டாம். நான் கவலைப்படுவது வேறொன்றுக்கு: 2024 ஜனவரியில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் பாட்டில் தண்ணீரில் லிட்டருக்குச் சராசரியாக 2.4 லட்சம் பிளாஸ்டிக் துணுக்குகளை எண்ணினார்கள். பத்தில் ஒன்பது நானோ அளவு, கண்ணுக்கும் சாதாரண நுண்ணோக்கிக்கும் தெரியாதவை. அவை உடம்பில் என்ன செய்யும் என்பதற்கு இன்னும் முடிவான பதில் வரவில்லை. என் பையில் எவர்சில்வர் பாட்டில்தான்.

நெடுஞ்சாலை மோட்டலில் 20 ரூபாய் பாட்டிலை 30-க்கு விற்கிறார்கள். கேட்டால் "கூலிங் சார்ஜ்" என்கிறார்கள். சரியா?
— வாசகர், விழுப்புரம்

சரியில்லை. உட்கார வைத்துப் பரிமாறுகிற ஓட்டல்கள் அதிகபட்ச விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டி, பெட்டிக்கடைக்காரர்களும் பேசுகிறார்கள். அந்தத் தீர்ப்பு கவுன்ட்டரில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிற உங்களுக்குப் பொருந்தாது. பில் கேளுங்கள், தரமாட்டார்கள். கடைப்பெயரோடு பாட்டிலைப் படம் எடுத்துத் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவுக்குப் புகார் அனுப்புங்கள்.

பயணத்தில் பாட்டில் வாங்குவது நியாயமான செலவு. தெரியாத ஊரின் தெரியாத டேங்கைவிட அது மேல். ரயிலில் ரயில் நீர் 15 ரூபாயாக இருந்து, 2025 செப்டம்பரில் வரி குறைந்ததால் 14 ஆனது. 2013-இல் பஸ் நிலையங்களில் அம்மா குடிநீர் 10 ரூபாய்க்குக் கிடைத்தது. கும்மிடிப்பூண்டியில் போக்குவரத்துக் கழகமே தயாரித்தது. அது நல்ல யோசனை, கட்சி பார்க்காமல் தொடர்ந்திருக்கலாம். குடித்து முடித்ததும் பாட்டிலை நசுக்கிப் போடுங்கள். முழுதாகப் போட்டால் மறுபடி நிரம்பி வரும்.

ஆறு மாதக் குழந்தைக்குப் பால்பவுடர் கலக்க மினரல் வாட்டர் போதும்தானே, காய்ச்ச வேண்டாமே?
— வாசகி, ஓசூர்

காய்ச்சத்தான் வேண்டும். சிக்கல் தண்ணீரில் மட்டும் இல்லை, பவுடரிலும் கிருமி இருக்கலாம். கொதிக்கவைத்த தண்ணீரை 70 டிகிரிக்குக் கீழே ஆறவிடாமல் பவுடரைக் கலந்து, பிறகு பாட்டிலோடு குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றிக் கொடுக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். கிணற்று நீரோ போர் நீரோ என்றால் ஒருமுறை நைட்ரேட் பார்த்துவிடுங்கள். லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டினால் கைக்குழந்தைக்கு ஆகாது, அதுவும் காய்ச்சினால் போகாத சமாசாரம்.

எங்கள் தண்ணீரை எங்கே கொடுத்துப் பரிசோதிப்பது? எப்படிப் பிடித்துக்கொண்டு போவது?
— வாசகர், நாமக்கல்

குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டம்தோறும் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. சென்னை என்றால் கீழ்ப்பாக்கம். கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். உப்பு, புளோரைடு, நைட்ரேட் பார்க்க இரண்டு லிட்டர் சுத்தமான பிளாஸ்டிக் கேன் போதும். அதே தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். ஜூஸ் பாட்டில், எண்ணெய்க் கேன் எல்லாம் கொண்டுபோகாதீர்கள். கிருமிப் பரிசோதனைக்குக் கூடத்திலேயே கிருமி நீக்கிய பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள், அதை மட்டும் அலசக் கூடாது. குழாயைச் சில நிமிடம் ஓடவிட்டு, குழாய் வாயைத் தீயில் காட்டி, பாட்டிலின் கழுத்தில் கைபடாமல் பிடித்து உடனே மூடுங்கள். ஐஸ் வைத்த டப்பாவில் அன்றைக்கே சேர்த்துவிட வேண்டும். தெருக் குழாயில் ஒன்று, சமையலறைக் குழாயில் ஒன்று என்று இரண்டாகக் கொடுத்தால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். வாங்கி வைப்பார்கள், திங்கட்கிழமைதான் திறப்பார்கள்.